இருபது வயது மார்க் முப்பத்தைந்தில் தடுக்கலாமா?

தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி. சேர நுழைவுத்தேர்வு கிடையாது. டிகிரியில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை போடுகிறது. அந்த வரிசைப்படி அரசு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும். கல்லூரி முடித்த கையோடு விண்ணப்பிக்கும் 21 வயதுப் பிள்ளைக்கு இது நல்ல ஏற்பாடு. கோச்சிங் செலவு இல்லை, அலைச்சல் இல்லை. பொறியியல், மருத்துவ நுழைவுத்தேர்வுகளை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்த மாநிலம் இது. அதனால் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மையை மறுப்பவனல்ல நான்.

ஆனால் இதே ஏற்பாடு ஒரு சாராரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரைச் சந்தித்தேன். வயது 34. பி.எஸ்சி. இயற்பியலில் 51 சதவீதம். படிக்கும் காலத்தில் ராத்திரியில் கூரியர் குடோனில் மூட்டை பிரித்துப் போட்டுவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போனவர். இன்று தொழிற்சங்க வேலையாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நடந்து நடந்து, பணிநீக்க உத்தரவில் எந்த வரி செல்லும், எது செல்லாது என்று வக்கீலுக்கே எடுத்துக் கொடுக்கிறார். சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசை. பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவினருக்கு 45, பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் இனத்தவருக்கு 40 சதவீதம் இருந்தால் எல்.எல்.பி. சேரத் தகுதி உண்டு. அவருக்குத் தகுதி இருக்கிறது, தரவரிசையில்தான் இடமில்லை. இருபது வயதில் தூக்கக் கலக்கத்தோடு எழுதிய பேப்பர் முப்பத்தைந்து வயதிலும் அவர் குறுக்கே வந்து நிற்கிறது.

இப்படிப்பட்டவருக்கு நுழைவுத்தேர்வு ஒரு நியாயமான வாசல். இன்றைக்கு உனக்கு என்ன தெரியும், எப்படி யோசிக்கிறாய் என்று மட்டும்தான் அது கேட்கிறது.

அந்த வாசல்கள் பெரும்பாலும் வெளி மாநிலத்தில் இருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகமும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு க்யூட் முதுநிலைத் தேர்வு வழியாக ஆள் எடுக்கின்றன. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022இல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கி, என்.எல்.எஸ்.ஏ.டி. என்ற தேர்வைத் தனியாக நடத்துகிறது. ஆந்திரா, தெலங்கானாவில் லாசெட், மகாராஷ்டிரத்தில் அந்த மாநில சி.இ.டி. வயதைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று பார் கவுன்சில் 2016இல் மறுபடி கொண்டுவந்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் நிறுத்தி வைத்தது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். வந்தவர்களில் கல்லூரி மாணவர் ஒருவர்கூட இல்லை. ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுபவர், ஐ.டி. கம்பெனி ஆள், காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் பார்க்கும் பெண், ராத்திரி ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த கால் சென்டர் இளைஞர், நம் அம்பத்தூர்க்காரர். அன்றைக்கு ஆசிரியர் போர்டில் எழுதிப் போட்ட கேள்வியை அப்படியே தருகிறேன். பிறர் நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைவது அத்துமீறல். தெரியாமல் நுழைந்தாலும், சேதம் எதுவும் ஏற்படாவிட்டாலும் அத்துமீறலே. இது கொள்கை. சம்பவம் இது: கொட்டும் மழையில் ஒருவர் நண்பர் வீடு என்று நினைத்து, ஒரே மாதிரி இருக்கும் பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போய்த் திண்ணையில் நிற்கிறார். தப்பு தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்துவிடுகிறார். அத்துமீறலா, இல்லையா?

அறையில் பாதிப் பேருக்கு மேல் இல்லை என்றார்கள். அம்பத்தூர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“இதுக்கெல்லாம் யாரு சார் கேஸ் போடுவா? போட்டாலும் ஸ்டேஷன்ல எடுப்பாங்களா?”

“யாரு போடுவான்னு கேள்வியில இல்லையே தம்பி. போர்டுல என்ன இருக்கோ அத மட்டும் பாருங்க.”

“நடைமுறையில...”

“நடைமுறைய வெளிய செருப்போட விட்டுட்டு வாங்க. பரீட்சை முடிஞ்சதும் எடுத்துக்கலாம்.”

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது என்று ஆசிரியர் பிறகு என்னிடம் சொன்னார். கல்லூரிப் பிள்ளைக்கு உலகம் தெரியாது. அதனால் கொடுத்த விதியை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பத்து வருடம் சம்பளம் வாங்கியவருக்கு நிஜத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். அந்த அறிவே கையைப் பிடித்துத் தவறான விடையில் கொண்டுபோய் விடுகிறது. கொடுத்த கொள்கை தர்மத்துக்கு ஒவ்வாததாக இருக்கலாம், நாட்டுச் சட்டத்துக்கே முரணாகக்கூட இருக்கலாம். அதைக் கொடுத்த சம்பவத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிகிறதா என்பதே சோதனை. இந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் அவர். புத்தகம் படித்து வருவதில்லை, தப்புத் தப்பாகப் போட்டுப் போட்டுத்தான் வரும்.

அதே அறையில், வேலையே ஒருவருக்குக் கைகொடுப்பதையும் பார்த்தேன். க்ளெய்ம் பார்க்கும் பெண்ணுக்கு நாள் முழுக்க பாலிசி வாசகங்களோடுதான் பிழைப்பு. எது அடங்கும், எது விலக்கு, விலக்குக்கு விலக்கு எது என்று பார்த்துப் பார்த்து, ‘தவிர’, ‘எனினும்’, ‘மட்டும்’ வரும் இடத்தில் அவர் கண் தானாக நின்றுவிடுகிறது. நீளமான பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் முதலில் முடிப்பவர் அவரே. ஜி.எஸ்.டி. கணக்கருக்கும் அந்தக் கூர்மை இருந்தது. தினம் செய்யும் வேலையில் சட்டத்தின் சாயல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தேடிப் பார்க்க வேண்டும். நியமனக் கடிதத்தில், வாடகை ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் பத்திரத்தில் எல்லாம் அது இருக்கிறது.

அந்தப் பெண் ஒரு நோட்டு வைத்திருந்தார். நாற்பது பக்க பள்ளி நோட்டு. மாதிரித் தேர்வில் தவறிய கேள்விகளை மட்டும் அதில் எழுதுகிறார். கேள்வியைக் கூட முழுதாக எழுதுவதில்லை. ஏன் தவறியது என்று ஒரு வரி, எத்தனை மணிக்குப் போட்டது என்று ஒரு நேரம். ‘“பொருந்தாதது எது” என்பதைக் கவனிக்கல, 10.50.’ ‘ரெண்டு விடையும் சரி மாதிரி இருந்துச்சு, பத்திய திரும்பப் படிக்கல, 11.10.’ ‘தெரியாது, புதுச் செய்தி, 6.15.’ பக்கங்களைப் புரட்டினால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இரவு பத்து மணிக்கு மேல் போட்டவற்றில் தெரியாமல் தவறியது குறைவு, கவனிக்காமல் தவறியதே அதிகம். ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு அவர் இரவுப் படிப்பை நிறுத்திவிட்டார். இப்போது விடிகாலை ஐந்திலிருந்து ஆறரை வரை தர்க்கமும் பத்திகளும். இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நாட்டு நடப்பு மட்டும். அதற்குத் தூக்கக் கண் போதும். மாமியார் காலையில் பால் வாங்கிக் கொடுத்து அடுப்பைப் பார்த்துக்கொள்வதால்தான் அந்த ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது என்று அவரே சொன்னார். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத பெண்களிடம் ‘அதிகாலையில் எழுந்து படியுங்கள்’ என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் ஏற்கெனவே அதிகாலையில் எழுந்துதான் இருக்கிறார்கள்.

எத்தனை மணி நேரம் படிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இது மனப்பாடத் தேர்வாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. களைத்த மூளையோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்து நூறு கேள்வி போடுவதைவிட, தெளிவாக இருக்கும்போது இருபது போட்டு, தவறிய ஐந்தை அரை மணி நேரம் அலசுவது பலன் தரும். கால் சென்டர் இளைஞருக்கு விடிகாலை என்பது வேலை முடியும் நேரம். அவருடைய தெளிவான நேரம் மாலை நான்கு மணி. ஆளுக்கு ஆள் வேறுபடும் இதை ஒருவர் தன் நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும், டாப்பர் பேட்டியைப் பார்த்து அல்ல.

தேர்வு நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2025 க்யூட் முதுநிலையில் 75 கேள்வி, 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 விநாடி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். வேலைக்குப் போகிறவர்களிடம் பொதுவாக ஓர் எச்சரிக்கைக் குணம் உண்டு. தப்பு செய்தால் மெமோ வரும் என்று பழகியவர்கள். அதனால் சந்தேகம் வந்தால் விட்டுவிடுகிறார்கள். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைப் போடுவதால் சராசரியாகக் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் லாபம். லாசெட்டில் 90 நிமிடத்தில் 120 கேள்வி, தவறுக்குக் கழிவே கிடையாது. அங்கே ஒரு கேள்வியைக் காலியாக விடுவதும் மதிப்பெண்ணைத் தூக்கி எறிவதும் ஒன்று. பெங்களூருத் தேர்வில் விரிவாக எழுதும் பகுதியும் உண்டு. கம்ப்யூட்டரிலேயே காலம் போய்விட்டவர்கள் பேனா பிடித்து எழுதிப் பழக வேண்டும். க்யூட் நடக்கும் நாட்களில் காலை, நண்பகல், மாலை என மூன்று அமர்வுகள் உண்டு. விடிகாலையில் மட்டும் போட்டுப் பழகியவர், மாலை நான்கு மணி அமர்வு வந்தால் திணறக்கூடாது. மாதம் ஒரு முறையாவது சனி, ஞாயிறு மாலையில் முழு மாதிரித் தேர்வு எழுதிவிட வேண்டும்.

நாட்டு நடப்பு என்றதும் மாத இதழ்களைக் கட்டுக் கட்டாக வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு டீக்கடையிலேயே பாதிப் பாடம் நடக்கிறது. ஆளுநர் மசோதாக்களை நிறுத்தி வைத்த வழக்கைப் பற்றிப் பேசாத அலுவலகம் உண்டா? 2025 ஏப்ரல் 8இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. பிறகு குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்க, நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. யார் ஜெயித்தார்கள் என்று பேசுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், 200ஆவது பிரிவு என்ன சொல்கிறது, இரண்டு நீதிபதிகள் சொன்னதும் ஐந்து நீதிபதிகள் சொன்னதும் எங்கே வேறுபடுகின்றன, தீர்ப்புக்கும் கருத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு நிமிடம் யோசித்தால், அந்தத் தலைப்பில் எந்தக் கேள்வி வந்தாலும் சமாளிக்கலாம். வாரத்துக்கு ஒரு வழக்கை இப்படிப் பார்த்தால் வருடத்துக்கு ஐம்பது சேர்ந்துவிடும்.

பழைய புத்தகக் கடையில் கைடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும்கூட மாற்றிவிட்டார்கள். கொலைக்கு 302 என்று சினிமா வசனத்தால் மனப்பாடமான எண் இப்போது 103. நானூற்று இருபது 318 ஆகிவிட்டது. எண்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று பழைய பதிப்பை வாங்கிப் படித்தால், அதை மறக்கவும் ஒரு முறை உழைக்க வேண்டியிருக்கும்.

எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை தருவது மொழி. இந்தத் தேர்வுகள் எதுவும் தமிழில் இல்லை. தில்லிக்கு ஆங்கிலமும் இந்தியும், தெலங்கானாவில் தெலுங்கும் ஆங்கிலமும் உருதுவும். தொழிலாளர் நீதிமன்றத்தில் தமிழில் அட்சரம் பிசகாமல் வாதத்தை எடுத்துக் கொடுப்பவர், ஆங்கிலப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டியிருப்பதால் பத்துக் கேள்வியைத் தொட முடியாமல் போகிறார். அவருக்குக் குறைவது தர்க்கமில்லை, ஆங்கிலத்தில் வாசிக்கும் வேகம். மேற்கு மாம்பலத்து ஆசிரியர் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் தேர்வுக் கேள்வியே தருவதில்லை. தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம், அதன் சாரம் தமிழில் மூன்று வரி, இவ்வளவுதான். மின்சார ரயிலில் அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வரும் நேரம் அதற்குப் போதும் என்கிறார். நம்மவர் இப்போது அதைத்தான் செய்கிறார். முன்பு ரயிலில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே சொன்னார்.

தேர்வை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் வாசகருக்கு நான் துரோகம் செய்தவனாவேன். இடம் கிடைத்த பிறகுதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை கேட்கின்றன. விடுதியோடு கூடிய கல்லூரிகளைத் தவிர மற்றவற்றில் வகுப்புகள் காலை எட்டிலிருந்து மாலை ஏழுக்குள் நடக்க வேண்டும். ஒரு காலத்தில் மாலைக் கல்லூரியில் படித்துத்தான் எத்தனையோ குமாஸ்தாக்கள் கறுப்பு அங்கி அணிந்தார்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் லா சென்டர்-1, லா சென்டர்-2 இரண்டும் நெடுங்காலம் மாலை வகுப்புகளுக்குப் பேர்போனவை. அந்த வழி இன்று அடைபட்டுவிட்டது. போதாக்குறைக்கு 2024 செப்டம்பரில் வந்த பார் கவுன்சில் சுற்றறிக்கை, படிக்கும் காலத்தில் வேலையில் இருந்தால் அதை அறிவிக்க வேண்டும், வேலை கொடுத்தவரின் தடையின்மைச் சான்று வேண்டும் என்கிறது. பயோமெட்ரிக் வருகைப் பதிவும் கேட்கிறது. வகுப்புக்குப் போகாமலேயே பட்டம் வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பிப் பணம் கட்டினால், பட்டம் வந்தாலும் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் நாளில் மாட்டிக்கொள்வோம்.

சென்னையில் இன்னொரு கதை. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போய்விட்டது. பாரிமுனையில் வேலை பார்த்துக்கொண்டு நடந்தே வகுப்புக்குப் போவது இனி நடக்காது. போய் வரவே அரை நாள் ஆகும்.

போலிப் பட்டங்களைத் தடுக்க வருகைக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வகுப்பில் உட்காராதவர் நீதிமன்றத்தில் நின்று கட்சிக்காரர் தலையில் கைவைக்கக்கூடாது. ஆனால் இருக்கிற நேர வரம்புக்குள்ளேயே இடம் இருக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு என்றால் ஆறு நாளில் தினம் ஐந்து மணி நேரம். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை ஒரு பிரிவு, பகல் இரண்டிலிருந்து ஏழு வரை ஒரு பிரிவு என்று அரசு கல்லூரிகள் பிரித்து நடத்தினால், இரண்டாம் ஷிப்ட் தொழிலாளிக்குக் காலைப் பிரிவும் முதல் ஷிப்ட்காரருக்குப் பகல் பிரிவும் ஒத்துவரும். ராத்திரி வேலை பார்க்கும் செவிலியரும் வரலாம். கூடவே, பட்ட மதிப்பெண் பார்க்காமல், தமிழிலேயே ஒரு தகுதித் தேர்வு வைத்து, வேலை அனுபவம் உள்ளவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்கலாம். இளம் பிள்ளைகளின் இடத்தைத் தொடாமல் கூடுதல் பிரிவாகவே இதைத் தொடங்க முடியும். தொழிலாளர் சட்டத்தையும் நிலச் சட்டத்தையும் வாழ்ந்து தெரிந்துகொண்டவர்கள் நீதிமன்றத்துக்கு வந்தால் யாருக்கு நஷ்டம்?

அதுவரை, ஒன்பது முதல் ஆறு வரை வேலை பார்ப்பவர் உள்ளதை உள்ளபடி பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தேர்வுக்கு வேலையோடு படிக்கலாம். படிப்புக்கு வேலையை விட வேண்டி வரும், அல்லது ஊரும் ஷிப்டும் மாற்ற வேண்டி வரும். மத்திய அரசு, வங்கி ஊழியர்களுக்குத் தில்லிக்கு மாற்றல் கேட்கும் வழி இருக்கிறது. மாநில அரசு ஊழியர் படிப்பில் சேரத் துறையின் அனுமதி பெற வேண்டும். இன்னொன்று: முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. ஆகவே மூன்று வருடப் படிப்புச் செலவோடு, படித்து முடித்து முதல் வழக்குக் காசு பார்க்கும் வரையிலான வீட்டுச் செலவையும் கணக்குப் போட வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் வருடத்திலேயே அந்தச் சேமிப்பைத் தொடங்கியவர்களைப் பார்த்தேன். ஐ.டி. கம்பெனி ஆள் புது பைக் வாங்கும் யோசனையை அதற்காகவே கைவிட்டிருந்தார்.

அவருக்கு நோட்டீஸ் பீரியட் 90 நாள். க்யூட் 2025இல் மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் முதல் தேதியில் முடிந்தது, மே மாதம் முடிவு வந்தது. அதற்குப் பிறகுதான் இட ஒதுக்கீடு. இடம் உறுதியாகும் முன் ராஜினாமா கொடுப்பது ஆபத்து. உறுதியான பிறகு கொடுத்தால் வகுப்பு தொடங்கி வாரங்கள் ஓடிவிடும், வருகைக் கணக்கில் முதல் மாதமே ஓட்டை விழும். நோட்டீஸ் நாட்களைக் குறைக்க முடியுமா, மீதி நாட்களுக்குப் பணம் கட்டி விலகலாமா, மிச்சமிருக்கும் லீவைக் கழிக்கலாமா என்பதை மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே, எழுத்தில் கேட்டு வைத்துவிட வேண்டும். சான்றிதழ்களையும் அப்போதே எடுக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன் படித்த கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் எங்கே இருக்கிறதென்று தேடவும், வெளி மாநிலப் பல்கலைக்கழகம் கேட்கும் இடப்பெயர்வுச் சான்றிதழுக்குத் தாய்ப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து வாங்கவும் வாரக்கணக்கில் ஆகும். சாதிச் சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு நடப்பு நிதியாண்டில் எடுத்ததாக இருக்க வேண்டும், அதனால் அதை மட்டும் ஏப்ரல் பிறந்ததும் வாங்க வேண்டும். மார்ச்சில் தேர்வு எழுதிவிட்டு வந்த மறுநாளே, முடிவுக்குக் காத்திராமல், மற்ற வேலைகளைத் தொடங்கிவிடுவது நல்லது. அம்பத்தூர்க்காரர் ஒரு படி மேலே போய், விண்ணப்பம் போட்ட வாரமே தன் பழைய கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் வந்துவிட்டார்.